பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி

முதல் ஸ்கேனுக்குப் போகும் குடும்பத்துக்கு இரண்டே கேள்விதான். பிள்ளை கருப்பைக்குள் இருக்கிறதா? இதயம் துடிக்கிறதா? இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்து, வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியும் ஆகிவிடும். அப்புறம்தான் யாராவது ரிப்போர்ட்டைப் பிரித்து முழுதாகப் படிப்பார்கள். கீழே ஒரு வரி இருக்கும்: வலது சினைப்பையில் 4 செ.மீ. நீர்க்கட்டி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேச்செல்லாம் கட்டியைப் பற்றித்தான்.

டெல்டா மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்றும் சொந்தத்திலும் பழக்கத்திலும் உள்ள பெண்கள் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே கூப்பிடுகிறார்கள். "டாக்டரம்மா, இத உடனே எடுத்துரணுமா?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். "இது ஒண்ணும் இல்லதானே, விட்டுரலாம்ல?" என்று மீதிப் பேர். இரண்டு கேள்வியிலும் அவசரம் இருக்கிறது. எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம், நாள் குறித்துக்கொண்டு காத்திருப்போம் என்று நான் சொல்வது இரு தரப்புக்கும் ருசிப்பதில்லை. ஆனால் வாழ்க்கையில் எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தக் கட்டிகள்தான்.

ஏழெட்டு வாரத்தில் தெரியும் அந்த 4 செ.மீ. கட்டி பெரும்பாலும் என்னவென்று சொல்கிறேன். கரு உண்டான மாதம் கருமுட்டை வெளியேறிய இடம் அது. முட்டையை வெளியே விட்ட பிறகு அந்தப் பை கார்பஸ் லூட்டியம் என்ற சுரப்பியாக மாறுகிறது. சில பெண்களுக்கு அதற்குள் நீரோ கொஞ்சம் இரத்தமோ சேர்ந்து பெருத்துவிடும். ஸ்கேனில் கட்டியாகத் தெரியும். அது சுரக்கும் புரோஜெஸ்டிரான்தான் கருப்பையின் உட்சுவரைப் பக்குவமாக வைத்து, ஒட்டிய கருவைப் பிடித்துவைத்திருக்கிறது. நஞ்சுக்கொடி வளர்ந்து அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து வாரம் ஆகும். ஹங்கேரியில் பிறந்த ஆர்பாட் சாப்போ என்ற ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார்: ஏழு வாரத்துக்கு முன்பு கார்பஸ் லூட்டியத்தை எடுத்துவிட்டால் கரு கலைந்துவிடுகிறது; புரோஜெஸ்டிரானை வெளியிலிருந்து கொடுத்தால் நிற்கிறது. எந்தக் கட்டியைப் பார்த்து அந்தக் குடும்பம் நடுங்குகிறதோ, அதன் தயவில்தான் அந்த நேரத்தில் பிள்ளை இருக்கிறது. இதைச் சொன்னதும் அழுத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயத்தில் வந்த அழுகை அல்ல அது.

உள்ளே தெளிந்த நீர் மட்டும் உள்ள, 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை 16 வாரத்துக்குள் தாமாகவே மறைந்துவிடும். ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம். முக்கியமாக, கட்டியைக் கரைக்கிறேன் என்று கழற்சிக்காய்ப் பொடியை மிளகோடு அரைத்துக் கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது. மாதவிலக்கு சீராக வராத பெண்களுக்குச் சினைப்பையில் சின்னச் சின்னதாக நிறைய முட்டைப் பைகள் தெரியுமே, அந்தப் பிசிஓடி வேறு சமாச்சாரம். அதற்கு யாரோ சொன்ன கைவைத்தியத்தை இதற்குச் செய்துபார்ப்பது ஆபத்து.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் ஸ்கேன் கிடையாது. கையால் தொட்டுப் பார்ப்பதுதான் எல்லாம். கர்ப்பிணியின் வயிற்றில் கருப்பை ஒரு பக்கமும், அதை ஒட்டி நழுவும் இன்னொரு திரட்சி மறுபக்கமும் விரலுக்குத் தட்டுப்பட்டால் உண்டு. இல்லையென்றால் அது முறுக்கிக்கொண்டு வலிக்கும்போதோ, பிரசவத்தில் பிள்ளையின் தலைக்குக் கீழே வழியை மறிக்கும்போதோதான் தெரியவரும். எத்தனையோ சிறு கட்டிகள் யாருக்கும் தெரியாமல் வந்து, யாருக்கும் தெரியாமல் மறைந்திருக்கும்.

அதற்கும் முன்பு பிள்ளை எது, கட்டி எது என்றே பிரித்துச் சொல்வது கடினம். 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற நாற்பத்தாறு வயது அம்மையாரின் வயிறு பெருத்துக்கொண்டே போனது. நாள் தாண்டிய இரட்டைப் பிள்ளைக் கர்ப்பம் என்று நினைத்து மருத்துவர் எஃப்ரெய்ம் மக்டவலை வரவழைத்தார்கள். அவர் பரிசோதித்துவிட்டு, இது பிள்ளை இல்லை, சினைப்பைக் கட்டி என்றார். இதுவரை யாரும் இப்படி வயிற்றைத் திறந்து பிழைக்கவைத்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மையார் அறுபது மைல் குதிரையில் வந்து, டேன்வில் ஊரில் மருத்துவர் வீட்டிலேயே அறுவைக்குப் படுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம். 25 நிமிடத்தில் முடிந்தது. கட்டியின் எடை 22 பவுண்டுக்கு மேல், அதாவது பத்துக் கிலோ. ஐந்தாம் நாள் மருத்துவர் போய்ப் பார்த்தபோது தன் படுக்கையைத் தானே தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். உள்ளதை உள்ளபடி சொன்ன மருத்துவரும், கேட்டு முடிவெடுத்த நோயாளியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்றும் இந்தக் கதையைத்தான் இளம் மருத்துவர்களுக்குச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று பிள்ளையைப் பார்க்கப் பயன்படுத்தும் ஸ்கேன் பிறந்ததிலேயே சினைப்பைக் கட்டிக்குப் பங்கு உண்டு. 1955-ல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த நார்க்கட்டிகளையும் சினைப்பைக் கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையால் கண்டுபிடிக்கும் கருவி அங்கே இருந்தது. நீர்க்கட்டியும் திடக்கட்டியும் அந்தக் கருவியில் வேறு வேறாகத் தெரிந்தன. 1958 ஜூனில் லான்செட் இதழில் அவரும் சகாக்களும் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். இரைப்பைப் புற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டிதான் என்று அந்தக் கருவி காட்டியது. அறுவை செய்து எடுத்தார்கள். அவர் பிழைத்தார். கட்டியைக் காட்டும் கருவி தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் பயத்தை நீக்கியது என்பதை, ரிப்போர்ட்டைப் பார்த்து நடுங்குகிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் செய்பவர் அளவை மட்டும் பார்ப்பதில்லை. சுவர் மெல்லியதா தடித்ததா, உள்ளே தடுப்புகள் உண்டா, திடமான பகுதி இருக்கிறதா, சுவரிலிருந்து மொட்டு மொட்டாக ஏதாவது உள்ளே வளர்ந்திருக்கிறதா, டாப்ளரில் இரத்த ஓட்டம் எப்படி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, இவ்வளவும் பார்க்க வேண்டும். பெல்ஜியத்தின் லூவன் நகரத்து டிர்க் டிம்மர்மன் குழுவினர் 2008-ல் இதற்கு எளிய விதிகளை வகுத்தார்கள். நல்ல கட்டிக்கு ஐந்து அடையாளம், கெட்டதற்கு ஐந்து அடையாளம். அனுபவமுள்ள கண் இருந்தால் பெரும்பாலான கட்டிகளை அதிலேயே தரம் பிரித்துவிடலாம். கர்ப்பத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சாக்லேட் சிஸ்ட் என்று சொல்லும் எண்டோமெட்ரியோமா, கர்ப்ப ஹார்மோன்களால் உள்சுவர் தடித்து, இரத்த ஓட்டம் கூடி, அசல் புற்றுநோய் மாதிரியே தோற்றம் காட்டும். அந்த இடத்தில்தான் எம்ஆர்ஐ உதவுகிறது. அதில் கதிர்வீச்சு கிடையாது. காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றாமல் எடுத்தால் போதும்.

இரத்தப் பரிசோதனை விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். தெரிந்த ஒரு பையன், மனைவிக்குக் கட்டி என்று கேள்விப்பட்டதும் இணையத்தில் படித்துவிட்டு, மருத்துவரைக் கேட்காமலே லேபில், புற்றுச் சந்தேகத்துக்குப் பார்க்கும் சிஏ-125 இரத்தப் பரிசோதனையைச் செய்துவிட்டான். 35-க்குள் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்த இடத்தில் எழுபதுக்கு மேல் வந்திருந்தது. எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் இரவெல்லாம் தூங்கவில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் சிஏ-125 தானாகவே ஏறும். பிரசவம் ஆன கையோடும் ஏறும். அதே வகைப் பரிசோதனைகளில் பார்க்கும் ஏஎஃப்பி, எச்சிஜி இரண்டையும் கர்ப்பமே சுரக்கவைக்கிறது. அதனால் கர்ப்பிணிக்கு இந்த எண்களை வைத்துப் புற்று உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. எல்டிஎச் மாதிரி ஒன்றிரண்டு மட்டும் சாதாரணக் கர்ப்பத்தில் பெரிதாக ஏறாது. திடமான கட்டி இருந்தால் மருத்துவர் அதைக் கேட்பார். கேட்கும்போது எடுத்தால் போதும். பயத்தில் எடுக்கும் பரிசோதனை பயத்தைத்தான் வளர்க்கும்.

காத்திருந்தும் போகாத கட்டிகளில் முதல் இடம் டெர்மாய்டுக்கு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உடம்போடு நிற்பதில்லை, உறவுக்குள்ளும் போய்விடுகிறது.

தலைச்சன் பிள்ளை உண்டான ஒரு பெண்ணை அவள் மாமியார் அழைத்து வந்தார். 9 செ.மீ. டெர்மாய்டு. 12 வாரத்தில் பார்த்தது 16 வாரத்திலும் அப்படியே இருந்தது. நான் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது மாமியார் குறுக்கிட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கும்ல டாக்டரம்மா? தெரிஞ்சே மறச்சு எங்க தலைல கட்டிட்டாங்க." அந்தப் பெண் தலை குனிந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவளுடைய அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிடவே இல்லை.

அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். சினைப்பையில் இருக்கும் முட்டை அணுக்கள் எந்தத் திசுவாகவும் மாறும் சக்தி உள்ளவை. அதில் ஒன்று தானாக வளரத் தொடங்கினால் தோல், முடி, கொழுப்பு, சில சமயம் பல்கூட உண்டாகும். அதுதான் டெர்மாய்டு. வலிக்காது. மாதவிலக்கைக் கெடுக்காது. ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும். ஸ்கேன் செய்தால் ஒழிய அந்தப் பெண்ணுக்கே தெரியாது, பெற்றவளுக்கு எங்கே தெரியப்போகிறது? "உங்க வயித்துல இருந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுங்கம்மா" என்றேன். மாமியார் பதில் பேசவில்லை. ஆனால் அறுவை நாளன்று இரண்டு சம்பந்திகளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

எடுத்த கட்டியைக் கிண்ணத்தில் வைத்துப் பிளந்து இரண்டு பேருக்கும் காட்டினேன். உடம்புச் சூட்டில் எண்ணெயாக இருந்தது, காற்றுப் பட்டதும் நெய் உறைவது மாதிரி மஞ்சளாக உறைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சுருள் முடி. ஓரத்தில் அரிசிப்பல் அளவில் ஒரு பல். மாமியார் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், இத வச்சுக்கிட்டா இந்தப் புள்ள நடந்துச்சு" என்றார். மறைத்தார்கள் என்ற பேச்சு அதோடு போயிற்று. நோய்க்குக் காரணம் தேடும்போது ஆளைத் தேடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை உடைப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

டெர்மாய்டு எல்லாவற்றையும் கர்ப்பத்தில் எடுக்க வேண்டியதில்லை. 6 செ.மீ.க்குக் குறைந்தவை கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் வளர்வதுமில்லை, தொந்தரவு செய்வதுமில்லை. பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். 10 செ.மீ.யை நெருங்கினாலோ, திடப்பகுதி இருந்தாலோ, விட்டு விட்டு வலித்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ எடுப்பதுதான் சரி. அதற்கு உகந்த காலம் 14 வாரத்திலிருந்து 20 வாரத்துக்குள். அதற்கு முன்பு நஞ்சு முழுப் பொறுப்பேற்றிருக்காது. சிசுவின் உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும். தானாகவே மறையக்கூடிய கட்டியை வீணாக அறுத்ததாகவும் ஆகும். அதற்குப் பின்பு கருப்பை பெருத்து வழியை அடைத்துக்கொள்ளும், குறைமாதப் பிரசவ அபாயமும் கூடும். அந்த இடைவெளியில் லேப்ராஸ்கோப்பியில் செய்யலாம். கருப்பையில் குத்திவிடாதபடி முதல் துளையை மேலே போடுவார்கள். நாள் ஏறிய கர்ப்பமாக இருந்தால் பெரிய இரத்தக் குழாய்கள் அழுந்தாதிருக்க, தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். மயக்க மருந்து பிள்ளையை ஊனமாக்கிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. வழக்கமான அளவில் கொடுக்கும் மருந்துகள் எதுவும் அப்படிச் செய்வதாகத் தெரியவரவில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் துடிப்பைக் கேட்டு எழுதிவைப்பார்கள். அந்தச் சத்தத்தைத் தாயின் காதிலும் விழவைக்கச் சொல்லுங்கள்.

இதுவரை காத்திருப்பதைப் பற்றிச் சொன்னேன். காத்திருக்கவே கூடாதது ஒன்று உண்டு.

கட்டி உள்ள சினைப்பை தன் காம்பிலேயே திருகிக்கொள்வதை டார்ஷன் என்கிறோம். கருப்பை இடுப்பெலும்புக்குள்ளிருந்து மேலே எழும் நாட்களில், அதாவது 10 வாரத்திலிருந்து 17 வாரம் வரை, இது அதிகம். நடுத்தர அளவுக் கட்டிகள், 6 முதல் 8 செ.மீ. வரை உள்ளவைதான் அதிகம் திருகும். வலது பக்கம் கூடுதல், ஏனென்றால் இடது பக்கம் பெருங்குடல் இடத்தை அடைத்துக்கொண்டு திரும்ப விடாது. திடீரென்று அடிவயிற்றில் ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும் வலி, கூடவே வாந்தி. இந்த வாந்திதான் ஏமாற்றிவிடும். மசக்கை என்பார்கள், பித்தம் என்பார்கள், ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள். வலி கொஞ்ச நேரம் விட்டதும் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவார்கள்.

13 வாரக் கர்ப்பிணி ஒருத்தி இப்படித்தான் முதல் நாள் இரவு வலித்து, மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வலது தொடையை மடக்கி வயிற்றோடு அணைத்திருந்தாள். டாப்ளரில் கொஞ்சம் இரத்த ஓட்டம் தெரிந்தது. ஓட்டம் தெரிவதால் திருகவில்லை என்று அர்த்தமாகாது. உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனோம். சினைப்பை கருநீலமாக, மூன்று சுற்றுச் சுற்றிக் கிடந்தது. நாங்கள் படித்த காலத்துப் பாடம், அப்படியே வெட்டி எடுத்துவிடு என்பது. திருகலை அவிழ்த்தால் இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் வீண் என்று பின்னால் தெரிந்துவிட்டது. கறுத்துப்போன சினைப்பைகூடப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்துவிட்டது. அவிழ்த்துவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்திக் காத்திருந்தோம். நீலம் வெளிறி, ஓரத்திலிருந்து சிவப்பு ஏறத் தொடங்கியது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையை விட்டுவைத்தோம். கர்ப்பமும் நின்றது. இன்னும் ஒரு நாள் வீட்டில் படுத்திருந்தால் இப்படி எழுத எனக்கு வாய்த்திருக்காது.

புற்றுநோயைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் தங்கிவிடும் சினைப்பைக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை புற்றாக இருக்கலாம். அவற்றிலும் கணிசமானவை இளம் வயதில் வரும் ஜெர்ம் செல் வகை அல்லது எல்லைக்கோட்டு வகை; ஆரம்ப நிலையிலேயே பிடிபடுபவை. பாதித்த சினைப்பையை மட்டும் எடுத்து, கர்ப்பத்தைத் தொடர்வதற்குப் பல சமயம் வழி உண்டு. கீமோதெரபி தேவைப்பட்டால் முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு கொடுக்கலாம். லூவன் நகரத்து ஃபிரெடரிக் அமாண்ட் குழுவினர், தாயின் புற்றுக்குச் சிகிச்சை நடந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் வளர்ச்சி மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகவே இருந்தது. குறைமாதத்தில் பிறந்ததுதான் அவர்களைப் பாதித்திருந்தது. எனவே புற்று என்ற சந்தேகம் வந்தவுடனே கர்ப்பத்தைக் கலைத்துவிடு என்று யாராவது சொன்னால், முடிவெடுக்கும் முன் புற்றுநோய் அறுவை மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள். அந்தப் பெண்ணும் அந்த அறையில் இருக்க வேண்டும். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு ஆண்கள் மட்டும் உள்ளே வந்து பேசுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை.

கட்டி இருப்பதாலேயே சிசேரியன் தேவை என்பதும் சரியல்ல. பிள்ளை இறங்கும் வழியைக் கட்டி மறித்தால்தான் அறுவை. வேறு காரணத்துக்காகச் சிசேரியன் நடந்தால், வயிற்றை மூடும் முன் இரண்டு சினைப்பையையும் பார்த்துவிட வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில், தேதி வரிசையில் வையுங்கள். எந்தப் பக்கம், எத்தனை செ.மீ., எந்த வாரம் என்று முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிவையுங்கள். ஒரு பக்கமாக வலித்து வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள், மருத்துவமனைக்கு வந்தவுடன் கட்டி இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிரசவம் நல்லபடியாக முடிந்துவிட்டால் கட்டியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வருவீர்களே, அன்றைக்கே அந்த ஃபைலையும் எடுத்து வந்து தாய்க்கும் ஒரு ஸ்கேன் பார்த்துவிட்டுப் போங்கள்.